முப்பத்தொன்றாவது கட்டம்

அன்றைக்கு மன்றத்தில் இருந்தவர்களை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். செயலாளர் தணிகாசலம், ஒன்று. அவருடைய மச்சினன் பூங்காவனம், ஃபர்னிச்சர் கடையில் வேலை, இரண்டு. மாவு மில் துரைக்கண்ணு, எதற்கெடுத்தாலும் கிண்டல், மூன்று. சலோமி, எங்கள் மன்றத்துக்குக் கேரம் ஆடுகிற பெண், நான்கு. நான் ஐந்து. இந்தப் பைக்குள் இருக்கிற மெஷினையும் சேர்த்தால் ஆறு. அதைச் சேர்க்கத்தான் வேண்டும். நடந்ததில் பெரும்பங்கு அதற்கு உண்டு.

நீங்கள் கேட்காவிட்டால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் தம்பி. பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவன் இல்லை நான். நீங்கள்தான் பையை எட்டிப் பார்த்து, "இது மரம் தேய்க்கிற மெஷின்தானே பெரியவரே, நல்லா இருக்கா, வீட்டுக் கதவெல்லாம் தேய்க்க நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றீர்கள். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதாம். நமக்கு முன்னால் பதினான்கு வண்டி நிற்கிறது, எண்ணிவிட்டேன். நேரம் இருக்கிறது.

நான் போவது பாரிஸ் கார்னருக்கு. வாங்கிய கடையில் இதைக் கொடுத்துவிட்டு வேறு மாற்ற வேண்டும். நடுவில் மூலக்கொத்தளத்தில் இறங்கி அந்தச் சலோமியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை. அங்கே இருக்கிற மன்றத்தில்தான் இப்போது சாயங்காலம் ஆடுகிறாள். நான் அதைச் சொன்னால் எங்கள் மன்றத்துக்குத் திரும்பி வருவாள். சொல்லாவிட்டால் வர மாட்டாள். அவ்வளவுதான் விஷயம். என்ன சொல்வது என்று தயாராக வைத்திருக்கிறேன். ஏழு வார்த்தை.

மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் டாலி பார்த்தேன். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க எண்ணுகிற வேலை. அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். எண்ண ஆரம்பித்தால் முடிகிற வரை வாய் திறக்கக் கூடாது. மேஸ்திரி கூப்பிட்டாலும் சரி, கப்பலே தீப்பிடித்தாலும் சரி. ஒரு வார்த்தை பதில் சொன்னால் ஒரு மூட்டை போச்சு. முப்பத்து நான்கு வருஷத்தில் என் கணக்கில் ஒரு மூட்டை கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அதனால் மன்றத்தில் எனக்குப் பெயரே டாலி. முனிரத்தினம் என்ற சொந்தப் பெயர் துரைக்கண்ணுவுக்குத் தெரியுமா என்றே சந்தேகம்.

மன்றத்தில் நான் ஆடுவதில்லை. போர்டு பார்த்துக்கொள்வேன். மொத்தம் நான்கு போர்டு. வருஷத்துக்கு ஒரு முறை, போட்டிக்கு முந்தின வாரம், நான்கையும் கையால் தேய்ப்பேன். ஒரு சின்ன மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக்கொள்வது. போர்டின் மேல் பென்சிலால் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டுக்கொள்வது, முப்பத்தாறு கட்டம். ஒரு கட்டத்துக்கு நாற்பது தேய்ப்பு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு கட்டத்தில் முப்பத்தைந்து, பக்கத்துக் கட்டத்தில் நாற்பது என்றால் காய் அங்கே ஒரு மாதிரி ஓடும், இங்கே ஒரு மாதிரி ஓடும். கட்டத்துக்குக் கட்டம் நியாயம் வேண்டும். நடுவில் இருக்கிற வட்டம், கோடெல்லாம் மங்கினால் கவலை இல்லை. காம்பஸும் மையும் என்னிடம் இருக்கிறது, திரும்பப் போட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு ஒரு போர்டு. நான்கு நாளில் நான்கு. பதினோரு வருஷமாக ஒருவரும் குறை சொன்னதில்லை. பாராட்டினதும் இல்லை, அதை விடுங்கள்.

நான்கில் மூன்றாம் நம்பர்தான் ராஜா. ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தால் எதிர்க்கட்டையில் பட்டு, திரும்பி வந்து, மறுபடி போய், மூன்றரை ஓட்டம் ஓடினால் அது நல்ல போர்டு. மூன்றாம் நம்பர் முழுசாக நான்கு ஓடும். தணிகாசலத்தின் தம்பி லோகு சாவதற்கு முந்தின வருஷம் வாங்கிக் கொடுத்தது. அடிப்பக்கம் அவன் பெயர் எழுதியிருக்கும். சலோமி சின்ன வயதிலிருந்து ஆடிப் பழகியது அதில்தான். இறுதி ஆட்டம் எப்போதும் அதில்தான்.

இந்த வருஷம் போட்டி ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் சுவரோடு இறங்கிவிட்டது. நான்கு போர்டும் அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்றன. புதன்கிழமை முழுக்க ஃபேனுக்கு அடியில் காய வைத்தோம். நான்காம் நம்பர் பிளைவுட் உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துபோனது, அது தீர்ந்தது. மற்ற மூன்றும் மேலே மரம் சிலிர்த்துக்கொண்டு நின்றன, தடவினால் பூனை நாக்கு மாதிரி. மூன்று போர்டுக்கு எனக்கு மூன்று நாள் வேண்டும். வியாழன், வெள்ளி, சனி. சரியாக இருக்கிறது. நான் அதைச் சொல்வதற்குள் பூங்காவனம் முந்திக்கொண்டான்.

"இன்னாத்துக்கு மாமா கையால தேய்ச்சிகினு. எங்க கடையில மெஷின் வச்சு ஒரு மேசையைப் பத்து நிமிஷத்துல முடிப்பான். ஒண்ணு வாங்கிப் போட்டா வருஷா வருஷம் கீது."

"டாலி அண்ணன் இன்னா சொல்றாரு?" என்றார் தணிகாசலம்.

நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது துரைக்கண்ணு, "அவர் இன்னா சொல்வாரு. மெஷினுக்கு எத்தினி திருகாணின்னு எண்ணிச் சொல்வாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், ஒரு ஆளைக் கேட்டால் பதில் வருகிற வரை காத்திருக்க வேண்டுமா இல்லையா.

வியாழக்கிழமை பாரிஸில் கடைக்குப் போனோம். தணிகாசலம், பூங்காவனம், நான். கடைக்காரர் நல்ல மனிதர். இரண்டு மெஷினை எடுத்து மேசை மேல் வைத்தார். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஆகும். ஒன்று அடிப்பக்கம் சதுரம். சாதாரண உப்புத்தாளை நாலாக வெட்டி அதில் மாட்டிக்கொள்ளலாம். இருந்த இடத்திலேயே கிடுகிடுவென்று ஆடும். மெதுவாகத் தேய்க்கும், ஆனால் மூலை முடுக்கு வரை போகும். இன்னொன்று அடி வட்டம். ஆடவும் செய்யும், சுற்றவும் செய்யும். அதற்குத் தனியாக வட்டத் தாள் வாங்கி, செருப்புப் பட்டை ஒட்டுகிற மாதிரி ஒட்ட வேண்டும். வேகமாகத் தின்னும்.

"மேல்தோல் மெல்லிசா இருக்கிற பிளைவுட்டுன்னா சதுரமே போதும். வட்டம் பெரிய வேலைக்கு, கதவு ஜன்னலுக்கு" என்றார் கடைக்காரர்.

கேரம் போர்டு என்ன? மெல்லிய மேல்தோல் பிளைவுட். சுற்றிலும் உயரமாகச் சட்டம். வட்ட மெஷினைச் சட்டத்தை ஒட்டிக் கொண்டுபோனால் சட்டத்தை இடிக்கும். சதுரம்தான் சரி. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தொண்டையைச் செருமினேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஒருவரும் திரும்பவில்லை. பூங்காவனம், "வட்டமே போடுங்க" என்று சொல்லிவிட்டான். மூன்று முறை செருமினேன் தம்பி. அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்.

தாள் இரண்டு பாக்கெட் வாங்கினான், பாக்கெட்டுக்குப் பத்து. ஒன்று எண்பதாம் நம்பர், ஒன்று நூற்றிருபதாம் நம்பர். நம்பர் குறைந்தால் தாள் முரடு, ஏறினால் நைஸ். போர்டுக்கு முந்நூறுக்கு மேல் வேண்டும். எண்பது என்பது ஆட்டுக்கல்லை வைத்துக் கன்னத்தைத் தேய்க்கிற மாதிரி. அப்போதும் செருமினேன். அது இந்த மூன்றில் சேராது, தனி.

பில்லை என்னிடம் கொடுத்தார்கள். பத்து நாளைக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் சொன்ன ஐந்து பேரும் மன்றத்தில். பூங்காவனம் ஒன்றாம் நம்பர் போர்டை மேசையில் போட்டு, எண்பதாம் நம்பர் தாளை ஒட்டி, மெஷினைப் போட்டான். தாளில் எட்டு ஓட்டை இருக்கும், மெஷினின் அடியிலும் எட்டு ஓட்டை. ஓட்டைக்கு நேராக ஓட்டை வைத்து ஒட்டினால்தான் தூள் உள்ளே போய்ப் பையில் விழும். அவன் குருட்டாம்போக்கில் ஒட்டினான். தூள் வெளியே போக வழி இல்லை. எங்கள் போர்டில் பதினைந்து வருஷத்துப் பவுடர் வேறு ஊறிக் கிடக்கிறது. அதெல்லாம் சேர்ந்து தாளுக்கு அடியில் பிசின் மாதிரி உருண்டு, போர்டு முழுக்கச் சின்னச் சின்ன ஜிலேபி. அதுவும் போதாதென்று அழுத்துகிறான், மாவு பிசைகிற மாதிரி. மெஷினை அழுத்தவே கூடாது. அதன் கனமே போதும். பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. யார் பார்த்தார்கள்.

பத்து நிமிஷம் என்றான், ஐந்து நிமிஷத்தில் ஒன்றாம் நம்பரை முடித்தான். அடுத்த ஐந்தில் இரண்டாம் நம்பர். முதலாவதுக்கு மூன்று தாள், இரண்டாவதுக்கு இரண்டு. மொத்தம் ஐந்து. சிலிர்ப்பு போய்விட்டது, உண்மை. ஆனால் முழுக்க ஜிலேபி.

"ஷோக்கா கீதே. இதுல காயடிச்சா சுத்திச் சுத்தி ஜீராவுல விழும்" என்றான் துரைக்கண்ணு.

பூங்காவனம் மூன்றாம் நம்பரைத் தூக்கப் போனான். அப்போதுதான் சலோமி குறுக்கே வந்து நின்றாள்.

"இத நீ தொடாதே அண்ணா. இத நைனா பண்ணட்டும்."

என்னைத்தான் நைனா என்பாள், அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி. என்னை நைனா என்று கூப்பிடுவது அவள் ஒருத்திதான்.

"பெருசுக்கு மெஷின் தெரியுமா?" என்றான் பூங்காவனம்.

"மெஷின் தெரியாது, போர்டு தெரியும். ஞாயித்துக்கெழம நான் இதுலதான் ஆடணும். நைனா, நீ பண்ணு."

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். தம்பி பெயர் எழுதிய போர்டு இல்லையா. "சரி, டாலி அண்ணனே பண்ணட்டும். நாம சாப்ட்டு வருவோம்" என்றார். மூன்று பேரும் சாப்பிடப் போனார்கள். சலோமி மட்டும் கதவருகில் நின்றாள்.

நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். எண்பதைத் தொடவே இல்லை. நூற்றிருபதாம் நம்பர் தாளை எடுத்து, எட்டு ஓட்டைக்கு எட்டு ஓட்டை வைத்து ஒட்டினேன். தூள் பையை உதறி மாட்டினேன். மெஷினை மரத்தின் மேல் வைத்த பிறகு சுவிட்ச் போட்டேன். அந்தரத்தில் போட்டுக் கீழே இறக்கினால் இறங்குகிற இடத்தில் பள்ளம் விழும். பென்சிலால் முப்பத்தாறு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறுக்கே கிறுக்கி வைத்தேன். அது கடைக்காரர் சொன்ன யோசனை. பென்சில் கிறுக்கல் போனதும் நிறுத்திவிட வேண்டும், போதும் என்று அர்த்தம். ஒன்பது கட்டத்துக்கு ஒரு தாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அழுத்தவே இல்லை. குழந்தை தலையில் கை வைக்கிற மாதிரிதான் வைத்தேன்.

முதல் கட்டத்தில் பன்னிரண்டு எண்ணும்போதே கிறுக்கல் போய்விட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நாற்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது. பதினோரு வருஷமாக இருக்கிறது. பன்னிரண்டில் நிறுத்தினால் அடுத்த கட்டத்தில் கிறுக்கல் பதினைந்தில் போகும், அதற்கடுத்ததில் பத்தில் போகும். அப்புறம் கணக்கு எங்கே, நியாயம் எங்கே. நான் நாற்பது வரை போனேன். ஒரு தப்பும் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாம் கட்டம் நாற்பது. மூன்றாம் கட்டம் நாற்பது. மெஷின் சத்தம் காதை அடைத்தது. சலோமி ஏதோ சொன்னாளாம், எனக்குக் கேட்கவில்லை.

இருபத்திரண்டாம் கட்டத்தில், நடு வட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு பழுப்பு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தேன். தேய்த்தால் போகும் என்று நினைத்தேன். தேய்க்கத் தேய்க்கப் பெரிதானது. மேல்தோல் போய், அடியில் இருக்கிற பசை வெளியே வருகிறது. அப்போது எண்ணிக்கை இருபத்தாறு. பாதியில் எப்படி நிறுத்துவது. மற்ற கட்டமெல்லாம் நாற்பது வாங்கியிருக்கிறது, இதற்கு மட்டும் இருபத்தாறா. முடித்தேன். இருபத்துமூன்றாம் கட்டத்துக்குப் போனேன். முன்பு முடித்த கட்டங்களைத் திரும்பிப் பார்த்தால் அங்கங்கே பழுப்பு, தீவு தீவாக. சரி, எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் ஒரே நிறமாகவாவது இருக்கும் என்று மேலே போனேன்.

அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா. நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் ஆட்டம். பன்னிரண்டாயிரம். நான் ஒன்று எண்ணுவதற்குள் அது இருநூறு தேய்க்கிறது. அப்படி ஒரு சாமானை எந்த மனிதன் எண்ண முடியும். இதைத்தான் சொல்கிறேன், மெஷின் சரியில்லை. சதுர மெஷினாக இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

முப்பத்தொன்றாம் கட்டம் எண்ணிக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றுவிட்டது. சலோமி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கி, என் கையிலிருந்து மெஷினையும் வாங்கிக்கொண்டாள்.

"நைனா, மரமே போச்சு நைனா."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. எண்ணிக்கை பதினேழில் நிற்கிறது. மெஷின் நின்றாலும் எண்ணிக்கை நிற்காது எனக்கு, பழக்கம் அப்படி. பதினெட்டு, பத்தொன்பது என்று மனசுக்குள் ஓடுகிறது. அப்போதுதான் மூன்று பேரும் வெற்றிலை மென்றுகொண்டு உள்ளே வந்தார்கள்.

தணிகாசலம் போர்டைப் பார்த்தார். கையை வைத்துப் பார்த்தார். போர்டைத் தூக்கி அடிப்பக்கம் இருந்த தம்பி பெயரையும் பார்த்தார், அது ஏதோ போய்விட்ட மாதிரி. அது எங்கே போகும், அது அடிப்பக்கம்.

"யாரு ஓட்னது?" என்றார்.

இருபத்தொன்று.

"கையில மெஷின வச்சிகினு நிக்குதே, தெரியலையா" என்றான் பூங்காவனம். "நான் தொடக் கூடாது, நைனா பண்ணட்டும்னு சொல்லிட்டு, ஆளுங்க அந்தாண்ட போனதும் தானே எடுத்து ஓட்டிகீது. சாம்பியன் இல்ல."

சலோமி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் இருபத்தேழில் இருக்கிறேன். என் உதடு அசைவது அவளுக்குத் தெரியும். நான் எண்ணும்போது பேச மாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்த பிள்ளை கொஞ்சம் பொறுத்திருக்கலாம். இன்னும் பதின்மூன்று எண்ணிக்கைதான்.

"சொல்லு சலோமி. நீயா?" என்றார் தணிகாசலம். குரல் ஒரு மாதிரி இருந்தது. லோகு செத்தபோதுகூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று.

"சரி. நான்தான்னு வச்சிக்கோங்க" என்றாள். மெஷினை மேசையில் வைத்தாள், கவனமாக வைத்தாள், போடவில்லை. சுவரில் மாட்டியிருந்த தன் ஸ்ட்ரைக்கர் பையை எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது நான் முப்பத்தெட்டு. நாற்பது முடிந்து நிமிர்ந்து பார்த்தால் தெருவில் ஆள் இல்லை.

அப்புறம் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். தொண்டையைச் செருமினேன். மூன்று முறை. தணிகாசலம் போர்டைத் தடவிக்கொண்டிருந்தார். துரைக்கண்ணுதான் திரும்பி, "இன்னா டாலி, தூள் தொண்டைக்குப் போயிட்சா, தண்ணி குடி" என்று சொம்பைக் கொடுத்தான். குடித்தேன். முதல் முறையாக அவன் கிண்டல் செய்யாமல் பேசினான், அதுவும் அந்த நேரத்தில்.

சனிக்கிழமை பகலும் ராத்திரியுமாக உட்கார்ந்து, ஒன்றிலும் இரண்டிலும் இருந்த ஜிலேபியையெல்லாம் நான்தான் கையால் தேய்த்து எடுத்தேன். மரக்கட்டை, முந்நூற்றிருபதாம் நம்பர் தாள், கட்டத்துக்கு நாற்பது. காம்பஸ் வைத்து வட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போட்டி இரண்டு போர்டில் நடந்தது. மூன்றரை ஓட்டம் ஓடியது. போர்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காகப் பூங்காவனத்துக்குச் சால்வை போட்டார்கள். நான் கை தட்டினேன். பதினாறு தட்டு. சலோமி பெயரை மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். வரவில்லை. எதிராளி ஆடாமலே ஜெயித்தான். மூன்றாம் நம்பர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதில் யாரும் பார்க்காத நேரத்தில் ஸ்ட்ரைக்கரை அடித்துப் பார்த்தேன். ஒரு ஓட்டமும் கொஞ்சமும். பழுப்பு வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை தணிகாசலம் என்னைக் கூப்பிட்டார்.

"டாலி அண்ணே, சதுர மெஷின்தான் சரியாம். இப்ப மச்சினனே சொல்றான். நீங்களே போய் மாத்தி எடுத்தாங்க."

பார்த்தீர்களா. நான் வியாழக்கிழமையே சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால்.

கிளம்பும்போது அவரே சொன்னார், "அந்தப் பொண்ணு மூலக்கொத்தளத்துல ஆடுதாம். நாலு மணியிலர்ந்து ஆறு வரைக்கும். நான் கொஞ்சம் கோவமா பேசிட்டேன் போல. ஆனா ஓட்டினது ஓட்டினதுதான. வந்து ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சிச்சி." நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் இல்லையா. அதுதானே முறை. அவளிடம் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, அவள் முன்னால் அவரிடம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

திங்கட்கிழமை வந்தேன். பாரிஸ் போய்ப் பார்த்தால் பில்லை வீட்டிலேயே வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பில் இருந்தது, மிச்சத் தாள் பெட்டிக்குள் இல்லை. இரண்டு பாக்கெட் வாங்கியது இருபது தாள். பூங்காவனம் ஐந்து, நான் நான்கு. மிச்சம் பதினொன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஒழுங்கு. நேற்று புதன்கிழமை எல்லாம் இருந்தது, கடை வாசலில் ஒரே கூட்டம். ஒன்பது பேர். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது.

மூலக்கொத்தளத்திலா? மூன்று நாளும் இறங்கவில்லை. போகும்போது இறங்கினால் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்க வேண்டும், மெஷினைப் பார்த்தால் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும். வரும்போது இறங்கலாம் என்றால் வரும்போதும் மெஷின் கையிலேயே இருக்கிறது.

அட, வண்டி நகர்கிறது. தண்ணீர் வடிந்துவிட்டது போல.

நீங்கள் வாங்குவதானால் சொல்கிறேன், கேளுங்கள். கதவுக்கு வட்டமே வாங்கலாம், தப்பில்லை. திட்டு திட்டாகப் பழைய பெயின்ட் இருந்தால் எண்பது, பிறகு நூற்றிருபது, பிறகு இருநூற்றிருபது. ஒன்றைத் தாண்டி அடுத்ததுக்குப் போகாதீர்கள், முதல் தாளின் கீறல் அடியிலேயே நின்றுவிடும், வார்னிஷ் அடித்த பிறகுதான் பல்லை இளிக்கும். எட்டு ஓட்டைக்கு எட்டு ஓட்டை. அழுத்தாதீர்கள். பென்சில் கிறுக்கலை மறக்காதீர்கள். இன்னொன்று. வேலை செய்யும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள். போதும் போதும் என்பார்கள். முதல் கட்டத்தில் ஒரு முறை சொன்னாள், நான்காம் கட்டத்தில் ஒரு முறை, பதினொன்றில் ஒரு முறை, இருபத்திரண்டில் ஒரு முறை, இருபத்தெட்டில் கிட்டே வந்து காதருகில் ஒரு முறை. ஐந்து முறை. எண்ணுகிறவனிடம் அப்படிப் பேசினால் எண்ணிக்கை என்ன ஆகும்.

கேட்கவில்லை என்றா சொன்னேன்? சத்தம் அதிகம், அதைச் சொன்னேன்.

என்ன சொல்லப் போகிறேன் என்றா கேட்கிறீர்கள். 'சலோமி, மெஷினை ஓட்டியது நான்தான், தணிகாசலத்திடம் சொல்லிவிடுகிறேன், வா.' எண்ணிப் பாருங்கள், ஏழு. ராத்திரி படுக்கும்போது சொல்லிப் பார்ப்பேன், ஒரு மூச்சில் வந்துவிடும்.

தெரியும் தம்பி, மூலக்கொத்தளம்தான். கண்டக்டர் சொன்னது காதில் விழுந்தது. அதோ அந்த மஞ்சள் கட்டடம், ஜன்னல் திறந்திருக்கிறது பாருங்கள், காய் அடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். இறங்குகிறவர்கள் நான்கு பேர். முதலில் அவர்கள் இறங்கட்டும். ஒருவர், இரண்டு பேர், அந்த அம்மா கூடையோடு, மூன்று. நான்கு.

விசில் கொடுத்துவிட்டார்.

பரவாயில்லை, உட்காருங்கள், நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள். கண்டக்டரையும் கூப்பிட வேண்டாம். தூள் பையைப் பற்றி உங்களுக்கு இன்னும் சொல்லவே இல்லையே. கடைக்காரர் கொடுத்தது பத்து நாள். வாங்கிய வியாழனையும் சேர்த்து இன்றைக்கு எட்டு. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.